நாருக்கும் ஒரு பீடம்

சாயமேற்றிய சணல் நாரை முடிச்சு முடிச்சாகப் போட்டே ஆளுயரச் சிற்பங்கள் செய்த மிருணாளினி முகர்ஜிக்கு, அவர் மறைந்து நான்காண்டு கழித்து, 2019-இல் நியூயார்க்கின் மெட் பிராயர் அருங்காட்சியகம் தனிக் கண்காட்சி நடத்தியது. தறி கிடையாது, எல்லாம் விரல் வேலை. பரமத்தி வேலூர்ப் பக்கம் தார் வெட்டிய வாழையின் மட்டையை உரித்து, நாராகக் கிழித்து, காயவைத்து, நனைத்து முறுக்கிக் கூடை பின்னுகிற கைகளிலும் இருப்பது அதே அறிவுதான். கூடை புழங்கத்தானே, கண்ணாடிப் பெட்டிக்குள் அதற்கென்ன வேலை என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஐம்பொன் சிலைகளும் வழிபாட்டுக்கென்றே வார்த்தவை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவற்றைக் கலையாக நின்று பார்க்கிறோமே! நாமக்கல், சேலம் அரசு அருங்காட்சியகங்கள் இன்று பின்னப்படும் நார்க்கூடைகளுக்கும் இடம் தரட்டும். ‘கிராமியக் கைவினை’ என்று எழுதி முடித்துவிடாமல், பின்னியவர் பெயரையும் ஊரையும் அதன் கீழே எழுதட்டும்.