பதினோராயிரம் ரூபாய்க் கறவை மாடு

பி.காம். படித்தவன் கையில் எதைக் கொடுத்தாலும் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு என்று எழுத ஆரம்பித்துவிடுவான். பெண் பார்க்கப் போன வீட்டில்கூட கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே நான் மனசுக்குள் கோடு போட்டேன். அவர்களும் போட்டிருப்பார்கள் போலிருக்கிறது. கணக்கு டாலி ஆகவில்லை. அது வேறு கதை.

இந்த வாரம் கோடு போடப்போவது எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த ஒரு வீடியோ கேமராவுக்கு.

சேத்தியாத்தோப்பில் எங்கள் தெருவுக்கு அது வந்தது 1998-ல். எனக்குப் பத்து வயசு. கொண்டுவந்தவர், துபாயிலிருந்து லீவில் வந்த என் தாய்மாமா. அதற்கு முன்னால் நாங்கள் வீடியோ கேமராவைப் பார்த்ததெல்லாம் கல்யாண வீட்டில்தான். ஒருத்தர் பீரங்கி மாதிரி தோளில் தூக்கி வருவார். இன்னொருத்தர் பின்னாலேயே லைட்டோடு வருவார். வெளிச்சம் மூஞ்சியில் அடித்ததும், ரசம் சாதத்தை வாய்க்குக் கொண்டுபோன பெரியவர் அப்படியே சிலையாகிவிடுவார். மாமாவுடையது ஒரே கையில் அடங்கியது. தெருவே திண்ணையில் கூடிவிட்டது.

என் அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன வெலை மாப்ளே?"

"ஆயிரம் திர்ஹாம் மாமா. இருக்கறதுலயே சீப் மாடல் இதான்."

அப்போது ஒரு திர்ஹாம் சுமார் பதினொன்றரை ரூபாய். அப்பா மனக்கணக்கில் புலி.

"பதினோராயிரத்து ஐந்நூறா! ஒரு கறவை மாடு வாங்கியிருக்கலாமேடா. காலைல ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை கறக்கும். இது என்னத்தைக் கறக்கும்?"

மாமாவிடம் பதில் இல்லை. அந்த வருஷ ஆடிப்பெருக்கன்று எல்லோரையும் கிளப்பிக்கொண்டு வீராணம் ஏரிக்கரைக்குப் போனார். 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவன் முதன்முதலாக வருவது அதே கரையில், அதே ஆடிப்பெருக்கன்றுதானே? எங்களுக்கு வந்தியத்தேவன், டி.வி.எஸ். 50-ல் வந்த மாமா. வாளுக்குப் பதில் கேமரா.

சித்ரான்னம், சுண்டல், சித்தி, பெரியம்மா என்று வளைத்து வளைத்து எடுத்தார். ராத்திரி டி.வி.யில் போட்டுப் பார்த்தோம். மொத்தக் குடும்பமும் தோல்பாவைக்கூத்து மாதிரி கறுப்பாக அசைந்தது. யார் பெரியம்மா, யார் புளியமரம் என்று அடையாளம் தெரியவில்லை.

காரணம் எளிசு. விலை மலிந்த கேமராவில் வெளிச்சத்தை அதுவே முடிவு செய்யும். பின்னால் பளீரென்று வானமும் ஏரியும் இருந்தால், "அப்பாடி, எவ்வளவு வெளிச்சம்!" என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டுவிடும். முன்னால் நிற்கிற ஆள் கரிக்கட்டை. இதற்கென்றே 'பேக் லைட்' என்று ஒரு பட்டன் உண்டு. கையேட்டைப் படிப்பது கௌரவக்குறைவு என்று நினைக்கிற வம்சம் எங்களுடையது.

அடுத்தது ஜூம். கையில் ஜூம் கிடைத்துவிட்டால் மனுஷனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். பெரியம்மாவின் மூக்குத்திக்குள் போய்விட்டு அதே வேகத்தில் வெளியே வருவார் மாமா. பார்க்கிறவனுக்குப் பாண்டிச்சேரி பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்த மாதிரி குமட்டும்.

மூன்றாவதுதான் பெரிய கூத்து. பதிவு செய்யவும் நிறுத்தவும் ஒரே பட்டன். ஓடுகிறதா, நிற்கிறதா என்பதை, பட்டாணி சைஸ் ஓட்டைக்குள் கண்ணை வைத்து, பொடி எழுத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மாமா ஒரு தடவை எக்ஸ்ட்ராவாக அமுக்கிவிட்டார். அப்புறம் எல்லாமே தலைகீழ். எடுக்கிறோம் என்று நினைத்தபோது நின்றது. நிறுத்திவிட்டோம் என்று தோளில் தொங்கவிட்டபோது ஓடியது. டேப்பில் இருபது நிமிஷத்துக்கு மேல் செருப்புக் கால்கள், சரளைக்கல், ஒரு ஆட்டின் நாலு கால்.

"இதான் உன் கறவையா மாப்ளே?" என்றார் அப்பா. கேமரா பரணுக்குப் போனது.

அப்பா 2007-ல் போய்ச் சேர்ந்தார். அவர் ஞாபகமாக வீட்டில் இருப்பது மாலை போட்ட ஒரு போட்டோ, ரேஷன் கார்டில் ஒரு மங்கல் போட்டோ. குரல்? எங்கேயும் இல்லை. அவர் வைத்திருந்த செல்போனில் பேசலாம், அவ்வளவுதான். நாள் ஆக ஆக அவர் குரல் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துகொண்டு வந்தது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவும் என்னிடம் சொல்லவில்லை.

இந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது கேமரா கிடைத்தது, டேப்போடு. வடலூர் வழியாக பஸ் பிடித்து நெய்வேலி மெயின் பஜார் பக்கம் ஒரு பழைய டி.வி. மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். மனுஷர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சொன்னார்:

"தம்பி, எடுத்த எடுப்புல டேப்பை உள்ள தள்ளிடாதீங்க. மெஷின் டேப்பைக் கடிச்சுதுன்னா உங்க மாமாவே துபாய்லேர்ந்து வந்தாலும் ஒட்ட வைக்க முடியாது. மொதல்ல வேண்டாத டேப் ஒண்ணு போட்டு ஓட்டிப் பார்க்கணும்."

மூன்று வாரம் ஆயிற்று. ரப்பர் உருளை கல்லாகியிருந்தது. போர்டில் பொடிப்பொடி கெப்பாசிட்டர்கள் கசிந்திருந்தன. அந்தக் காலத்துக் கேமராக்களில் பலவற்றுக்கும் வருகிற வியாதியாம். மாற்றி, ஹெட்டைத் துடைத்து, டி.வி.யில் இணைத்தார்.

பெரியம்மா கறுப்பாக வந்தார். புளியமரம் கறுப்பாக வந்தது. பிறகு ஆட்டுக்கால். அதற்கு மேலே, பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி, அப்பாவின் குரல்.

"பையனை என்ன படிக்க வைக்கப் போறீங்க மாமா?" இது மாமா.

"கணக்கு சுமார்தான்டா அவனுக்கு. ஆனா கதை நல்லா சொல்றான். ராத்திரி பக்கத்துல படுத்துக்கிட்டு எதையாவது சொல்லிக்கிட்டே இருப்பான். நான் தூங்கற மாதிரி இருப்பேன். தூங்க மாட்டேன்."

நான் ஆடிட்டர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு எழுத வந்தவன். 'அப்பா இருந்தா தோலை உரிச்சிருப்பாரு' என்று வாரம் ஒரு தடவையாவது அம்மா சொல்வது வழக்கம். மெக்கானிக் எழுந்துபோய் டீ சொல்லிவிட்டு வந்தார். அந்த டீக்கு அவர் பில்லில் காசு போடவில்லை.

படம் அவ்வளவு மோசமாக இருக்க, குரல் மட்டும் எப்படி இவ்வளவு சுத்தம்? அவரே விளக்கினார். மாமாவுடையது வீடியோ 8 ரகம். எட்டு மில்லிமீட்டர் அகல டேப். 1980-களின் நடுவில் வந்தது. படத்தில் சுமார் 250 வரி விவரம்தான் தேறும். ஆனால் சாதாரண வி.எச்.எஸ். டேப்பில் சத்தம் ஓரமாக ஒரு ஒல்லிக்கோட்டில் தனியாகப் பதிவாகும். டேப் மெதுவாக நகர்வதால் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். வீடியோ 8-ல் நிமிஷத்துக்கு 1500 சுற்றுச் சுற்றும் உருளையில் உள்ள ஹெட்தான் படத்தை எழுதும். சத்தத்தையும் அதே ஹெட்டே படத்தோடு சேர்த்து எழுதிவிடும். அதனால் மலிவு மாடலில்கூடச் சத்தம் தெளிவு. ஆக, கண் மந்தம், காது கூர்மை. எங்கள் தாத்தா மாதிரி.

சரி, கோடு போடுவோம்.

பற்று: வெளிச்சம் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகப் பொரியும். வெளிச்சம் எதிரே இருந்தால் ஆள் காலி. பேட்டரியை முழுக்கத் தீர்க்காமல் சார்ஜ் போட்டால் அந்தக் கால நிக்கல்-காட்மியத்துக்குக் கோபம் வரும். காற்றடித்தால் மைக்கில் புயல். எல்லாவற்றையும்விட முக்கியம், டேப்பைப் பார்க்கவும் அதே ரக மெஷின் வேண்டும். வி.சி.ஆர். தயாரித்துவந்த கடைசிக் கம்பெனி என்று சொல்லப்பட்ட ஃபுனாய்கூட 2016-ல் நிறுத்திவிட்டது. வீடியோ 8 மெஷினும் கடையில் புதுசாகக் கிடைக்காது.

வரவு: ஒரு டேப்பில் தொண்ணூறு நிமிஷம், யாரும் 'ஸ்மைல்' சொல்லாமல் ஓடும். செல்போனைத் தூக்கினால் எல்லோரும் தலையைக் கோதிக்கொள்கிறார்கள். தொங்குகிற கேமராவுக்கு யாரும் தலை கோதுவதில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கலாம். முதலில் டேப்பின் முதுகில் உள்ள சின்னத் தாழைத் தள்ளி, சிவப்பு தெரிகிற மாதிரி வையுங்கள். தவறிப்போய் அழியாது. மெஷின் செத்திருந்தால், 1999-லிருந்து வந்த டிஜிட்டல் 8 கேமரா யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். அவற்றில் பல, பழைய டேப்பையும் ஓட்டும். மஞ்சள், வெள்ளை ஒயரைக் கம்ப்யூட்டரில் சேர்க்கிற சின்னக் கருவி வாங்கிப் பதிவு செய்து, ஒன்றுக்கு இரண்டு இடத்தில் வையுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு டேப்பில் பூஞ்சை பிடிக்கும். அடுத்த பொங்கல் வரை தள்ளாதீர்கள்.

தேய்மானம் கழித்தால் என் புத்தகத்தில் அந்தக் கேமராவின் மதிப்பு பூஜ்யம். ரிப்பேர் செலவு வேறு.

முதல் தடவை கேட்டபோது அம்மா அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. "அன்னிக்கும் இந்த மனுஷன் குடையை மறந்துட்டுத்தான் வந்தாரு" என்றார். அப்புறம், "அந்த ஆட்டுக்காலை இன்னொரு தடவை போடு" என்றார்.

இப்போதெல்லாம் காலையில் ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை போடச் சொல்கிறார்.