யார் கையில் இசைக்கருவி?

"தொழிலாளியின் பிள்ளைக்குப் பரோக் இசை எதற்கு?" என்னும் வினா நம்மிடையே எழுவதுண்டு. ஓபோவும் கான்செர்ட்டோவும் ஐரோப்பிய அரண்மனைகளின் ஆடம்பரம். அன்றாடம் உழைத்து உண்போர்க்கு அவை அந்நியம் என்பர். வரலாறு அறியாதோர் கூற்று இது என்கிறோம் நாம்.

தனிக்கருவி ஒன்று இசைக்குழுவோடு உரையாடும் வடிவமே கான்செர்ட்டோ. அது செழித்து வளர்ந்த இடங்களுள் தலையாயது ஓர் அநாதை இல்லம். வெனிஸ் நகரின் 'பியெத்தா' இல்லத்தை 14ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் துறவி ஒருவர் தொடங்கினார். இரக்கம் என்பதே அச்சொல்லின் பொருள். கைவிடப்பட்ட பச்சிளங் குழந்தைகளை ஏற்க அதன் சுவரில் ஒரு மாடம் இருந்தது. 1992-இல் சேலத்தில் தமிழக அரசு வைத்த தொட்டிலை அறிந்த நமக்கு அம்மாடத்தின் துயரம் விளங்கும். 1703-இல் குருப்பட்டம் பெற்ற அந்தோனியோ விவால்டி, அவ்வாண்டிலேயே அங்கு வயலின் ஆசிரியரானார். அவர் இயற்றிய ஏறத்தாழ 500 கான்செர்ட்டோக்களுள் பல, அவ்வில்லத்துப் பெண்கள் வாசிக்கவென்றே பிறந்தவை. தந்தை பெயர் அறியாத அவர்களுக்கு இசைக்கருவியே குடும்பப் பெயராயிற்று: அன்னா மரியா 'தல் வயலின்', பெலெக்ரினா 'தல் ஓபோ'. சாதியைக் கல்லறைவரை சுமக்கும் நம் திருச்சபை இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

அங்கும் குறைகள் உண்டு. அப்பெண்கள் கம்பித் திரைக்குப் பின்னிருந்தே வாசித்தனர். மணமானபின் பொதுவில் வாசிக்கத் தடை இருந்தது. ஆயினும் எவருக்கும் வேண்டாத பிள்ளையின் கையில் உயர்ந்த கலையைக் கொடுக்கத் தயங்கவில்லை அவ்வில்லம்.

இனி மண்ணூரை நோக்குவோம். திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பட்டியில் உள்ள ஊர் அது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கியபின் இவ்வட்டாரத்தில் தொழிற்கூடங்கள் பெருகின; விடுதிகளும் வாடகை அறைகளும் பெருகின. தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்தோர் ஷிப்ட் கணக்கில் உறங்கி எழுகின்றனர். உற்பத்தி வரிசையில் அவர்தம் கைக்கு மதிப்புண்டு, குரலுக்கு இல்லை. கான்செர்ட்டோவிலோ கூட்டத்தினின்று ஒரு குரல் எழுகிறது. மற்றவர் தம் ஒலியைத் தணித்துச் செவிமடுக்கின்றனர். அலெஸ்ஸாந்த்ரோ மார்ச்செல்லோவின் ஓபோ கான்செர்ட்டோவில் நடுப்பகுதிக்கு எழுதப்பட்ட சுரங்கள் சிலவே. அவற்றை அணிசெய்வது வாசிப்பவர் உரிமை. உழைப்பாளியின் பிள்ளைக்கு நாம் மறுப்பது இந்த உரிமையையே.

வாரமெல்லாம் இயந்திரத்தோடு நின்றவர் ஞாயிறன்று திருப்பலிக்கு வரும்போது நம் ஆலயங்கள் பலவற்றில் அவருக்குக் கிடைப்பதென்ன? பொத்தானை அழுத்தினால் தானே தாளமிடும் கீபோர்டு. செவியைப் பிளக்கும் ஒலிபெருக்கி. ஆலயத்திலும் இயந்திரந்தானா?

"அயல்நாட்டு இசை நமக்கு வேண்டாம்" என்று வாதிடுவோருக்கும் ஒரு சொல். பாலுசுவாமி தீட்சிதர் மணலியில் வாழ்ந்த காலத்தில் வயலின் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொணர்ந்து ஏறத்தாழ இருநூறாண்டுகள் ஆகின்றன. இன்று அதனை அந்நியம் என்பார் யார்? ஓபோவோ நம் நாதசுரத்தின் உறவினம். இரண்டிலும் இரட்டை இதழினூடே மனித மூச்சே இசையாகிறது. ஓபோவுக்கும் ஒரு சீவாளி உண்டு. அந்தந்த மக்களின் இசைமரபுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டுமென்றும், தகுதியான பிற கருவிகளை வழிபாட்டில் ஏற்கலாமென்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே கூறிவிட்டது. அதன் பின்னரும் நாதசுரக் கலைஞரைத் தேர்ப்பவனிக்கு அழைத்து ஆலய வாசலிலேயே நிறுத்துவது எவ்வகை நீதி?

பணமில்லை என்பர். 1777-இல் மோட்சார்ட் ஓபோ கான்செர்ட்டோ இயற்றியது, சால்ஸ்பர்க் பேராயரின் இசைக்குழுவில் ஊதியம் பெற்ற பெர்லெண்டிஸ் என்னும் கலைஞருக்காக. கலைஞருக்குக் கூலி கொடுப்பதைத் திருச்சபை அன்று வீண்செலவாகக் கருதவில்லை. திருவிழாவின் வாணவேடிக்கைக்கும் ஒளியலங்காரத்துக்கும் நாம் செலவிடுவதில் ஒரு பங்கு போதும்: ஊதியம் பெறும் ஓர் இசையாசிரியர், பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துச் சென்று பழகச் சில வயலின்கள், ஒரு நாதசுரம், இயன்றால் ஓர் ஓபோ. மண்ணூர்ப் பகுதியில் ஷிப்ட் முடித்துத் திரும்பும் தாய், தன் மகளின் மூச்சு இசையாவதை ஆலயத்தினுள்ளே கேட்கட்டும். அதற்குப் பின்னும் பரோக் இசை எதற்கு என்று கேட்போர், அவளிடம் சென்று கேட்கட்டும்.