பெட்டிக்குள் பூட்டிய பதிவு நம்முடையது அல்ல

"டிவி நிகழ்ச்சியைப் பதிவு பண்ணி வைக்க எந்த மெஷின் வாங்கலாம்?" என்று வருடத்துக்கு நாலு பேராவது என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். நான் எலக்ட்ரானிக்ஸ் ஆள் இல்லை. பி.காம். முடித்துவிட்டு துபாயில் ஒரு வங்கியில் கணக்குப் பார்க்கிறவன். வீட்டில் இருநூறுக்குமேல் டிவிடி அடுக்கி வைத்திருப்பதால் நிபுணர் என்று நினைத்துக்கொள்கிறார்கள் போல :-)

கேட்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள். எத்தனை ஜிபி, எத்தனை மணி நேரம் பிடிக்கும், ஒரே சமயத்தில் ரெண்டு சேனல் பதிவாகுமா, எந்த கம்பெனி நல்லது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். சந்தா கட்டுவதை நிறுத்திவிட்டால், அல்லது அந்த மெஷினே செத்துப்போனால், நீங்கள் பதிவு செய்தது உயிரோடு இருக்குமா? "இருக்காது" என்று பதில் வந்தால் அது ரெக்கார்டரே இல்லை. வாடகைக்கு விட்ட அலமாரி. அவ்வளவுதான் சங்கதி.

எங்கள் தொழிலிலிருந்தே உதாரணம் சொல்கிறேன். வங்கி லாக்கருக்கு ரெண்டு சாவி. ஒன்று வாடிக்கையாளரிடம், இன்னொன்று வங்கியிடம். ரெண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். டிடிஎச் கம்பெனிக்காரன் கொடுக்கிற ரெக்கார்டிங் பெட்டிக்கு ஒரே சாவிதான், அதுவும் அவன் கையில். நகை மட்டும் உங்களுடையது. இந்த மாதிரி ஒரு லாக்கரை எங்கள் வங்கி கொடுத்தால் ஒருத்தராவது வந்து கையெழுத்துப் போடுவீர்களா?

இந்தக் கோபம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் சாலை. சாலை என்றால் ரோடு இல்லை. திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரைக்கும் நீளுகிற கடைத்தெரு. திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாசன் காலத்தில் உருவானது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வியாபாரக் குடும்பங்கள் இருக்கிற இடம். ஆ. மாதவன் தன் கதைகளில் எழுதி எழுதித் தீராத தெரு. அவர் 2021ல் காலமானார். ஆனால் அவர் பார்த்த சாலை எங்கும் போய்விடவில்லை, அச்சில் இருக்கிறது. புத்தகத்தை யார் வேண்டுமானாலும் வாங்கித் தன் வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளலாம், பதிப்பகத்தைக் கேட்டுத்தான் திறக்க வேண்டும் என்பதில்லை.

அதே தெருவில் என் மாமா பலசரக்கு மொத்த வியாபாரம் செய்தார். நல்ல பேச்சாளர். மலையாளச் சூழலிலேயே பிறந்து வளர்ந்தும் தமிழில் அடுக்கிப் பேசுவார். 2011 பொங்கலுக்கு ஒரு சேனலில் பட்டிமன்றம் மாதிரி ஒரு நிகழ்ச்சி. மாமாவுக்கு நாலு நிமிஷம் கிடைத்தது. அத்தை வீட்டில் அப்போது புதிதாக வந்திருந்த டிடிஎச் ரெக்கார்டிங் பெட்டியில் அதைப் பதிவு பண்ணினார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் காபிக்கு முன்னால் மாமாவின் நாலு நிமிஷம்தான்.

2013ல் பெட்டி ரிப்பேர். கம்பெனி ஆள் வந்தார், பழையதைக் கழற்றி எடுத்துக்கொண்டு புதுசு ஒன்றை மாட்டினார், இலவசம் என்று சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்கினார். பழைய பெட்டியில் இருந்ததை மாற்றித் தர முடியுமா என்று கேட்டதற்கு, அந்தப் பதிவு அந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடும், வேறெதிலும் ஓடாது என்று பதில். சேனலுக்கு எழுதிக் கேட்டால் பழைய நிகழ்ச்சிகள் கைவசம் இல்லை என்றார்கள். அடுத்த வருடம் மாமா போய்விட்டார். அத்தை என்னிடம் சொன்னது ஒரே வரி. "மக்கா, அந்தப் பெட்டியில உங்க மாமா இருந்தாரே."

எதிர் வீட்டு அண்ணாச்சி 2007ல் ஒரு டிவிடி ரெக்கார்டர் வாங்கினார். பானாசோனிக், ஃபிலிப்ஸ், எல்ஜி, சோனி, சாம்சங் எல்லாரும் அந்தப் பெட்டியை விற்றுக்கொண்டிருந்த காலம். பார்க்க டிவிடி பிளேயர் மாதிரிதான் இருக்கும். பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரைச் செருகி ஒரு வெற்று டிஸ்க் போட்டால் டிவியில் ஓடுவது அதில் பதிவாகிவிடும். உள்ளூர் கேபிளில் மகள் ஆடிய நடனத்தை அப்படிப் பிடித்து வைத்தார். மகள் இப்போது மெல்போர்னில். போன லீவில் அந்த டிஸ்கை என் லேப்டாப்பில் போட்டேன், ஓடியது. காப்பி எடுத்து அனுப்பினேன், பேத்திகள் பார்த்துவிட்டார்கள். ரெக்கார்டர் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. மெஷின் செத்தது, பதிவு சாகவில்லை.

ரெண்டு வீட்டுக்கும் நடுவில் இருபதடி தூரம்கூட இல்லை. அத்தை வீட்டுப் பெட்டிதான் விலை அதிகம், வசதியும் அதிகம்.

இப்போது சிலர் சிரிப்பார்கள். "எந்தக் காலத்தில் இருக்கீங்க? எல்லாம்தான் ஆப்பில் இருக்கிறதே, யூட்யூபில் இருக்கிறதே!" இருக்கிறது, யார் இல்லை என்றார்கள்? 'மெட்டி ஒலி'யை 2020 ஊரடங்கில் சன் டிவி மறுபடி போட்டது, நாமும் பார்த்தோம். மறுபடி விற்க முடிகிற சரக்கைச் சேனல்காரன் பத்திரமாகத்தான் வைத்திருப்பான். மாமாவின் நாலு நிமிஷத்தை யாருக்கு விற்பான்?

விற்கிற சரக்குக்கும் உத்தரவாதம் இல்லை. 2023 மார்ச் 31ஆம் தேதியோடு எச்பிஓ தொடர்கள் ஹாட்ஸ்டாரில் நின்றுபோயின. பாதி பார்த்திருந்தவன் பாதியோடு நின்றான். கம்பெனிகளுக்குள் ஒப்பந்தம் முடிந்தது, அவ்வளவுதான். சந்தா கட்டியவனை யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய சட்டமும் இல்லை.

பெரிய நிறுவனம் என்றால் பத்திரமாக வைத்திருப்பார்கள் என்று நம்புகிறவர்களுக்கு பிபிசி கதை. 1960, 70களில் பிபிசி தன் நிகழ்ச்சிகள் பலவற்றின் டேப்பை அழித்துவிட்டு அதிலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்தது. 'டாக்டர் ஹூ' தொடரில் மட்டும் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் படமாக இன்றும் கிடைக்கவில்லை. ஆனால் காணாமல் போன அத்தனை பகுதிகளின் ஒலியும் இருக்கிறது. எப்படி? வீட்டில் உட்கார்ந்து டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்த ரசிகர்களால். அமெரிக்காவில் பிலடெல்பியாவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி முப்பது வருடத்துக்கும் மேலாக, 2012ல் இறக்கும் வரை, வீட்டிலேயே டிவி செய்திகளைப் பதிவு செய்துகொண்டே இருந்தார். சுமார் 70,000 டேப். அந்தச் சேகரிப்பு இன்டர்நெட் ஆர்க்கைவுக்குப் போய்ச் சேர்ந்தது. நிறுவனம் குப்பை என்று நினைத்ததை வீடு காப்பாற்றியிருக்கிறது.

அடுத்த ஆட்சேபணை: "இது சட்டப்படி தப்பில்லையா?" இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 39ஐ எடுத்துப் படியுங்கள். ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்காக ஒளிபரப்பைப் பதிவு செய்வது ஒளிபரப்பாளரின் உரிமையை மீறுவதாகாது என்று அதிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் சோனியின் பீட்டாமேக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984ல், ஐந்துக்கு நாலு என்ற கணக்கில், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது நியாயமான உபயோகமே என்றது. காப்பி போட்டுக் கடையில் விற்றால்தான் தப்பு. சட்டம் கொடுத்திருக்கிற உரிமையைப் பெட்டியில் பூட்டு போட்டு வாங்கிக்கொள்கிறார்கள், அதற்கு மாத வாடகையும் நாமே கட்டுகிறோம். இதைத்தான் வசதி என்று விளம்பரம் செய்கிறார்கள்.

சரி, திட்டியது போதும். என்ன வாங்கலாம் என்பதற்கு வருவோம்.

1. பழைய டிவிடி ரெக்கார்டர் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால், பின்பக்கம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை இன்புட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளே இருக்கும் ட்யூனர் பழைய அனலாக் கேபிளுக்கானது. இந்தியாவில் 2012 முதல் 2017 வரை நாலு கட்டமாகக் கேபிள் டிஜிட்டல் ஆனதால் இப்போது அது சும்மா அலங்காரம். எச்டிஎம்ஐ ஒயரில் காப்பித் தடை உண்டு, அதனால்தான் அந்த மூன்று கலர் ஒயர்.

2. கடைக்காரர் "ஒரு டிஸ்கில் ஆறு மணி நேரம்" என்பார். 4.7 ஜிபி டிஸ்கில் எஸ்பி முறையில் ரெண்டு மணி நேரம்தான் பிடிக்கும், படம் பார்க்கிற மாதிரி இருக்கும். ஆறு மணி நேரம் திணித்தால் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். நாம் காப்பாற்ற நினைப்பதே முகத்தைத்தானே.

3. டிவிடி-ஆர் டிஸ்கில் பதிவு முடிந்ததும் ஃபைனலைஸ் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வேறு பிளேயரில் ஓடாது. மெஷின் கெட்ட பிறகு இது தெரிந்து பிரயோஜனம் இல்லை.

4. ரெக்கார்டரில் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை நடைக்கடையாக மட்டும் வையுங்கள், கிடங்காக வேண்டாம். அன்றைக்குப் பதிவானதை அன்றைக்கே டிஸ்குக்கு மாற்றிவிடுங்கள்.

5. ரெக்கார்டரே வேண்டாம் என்கிறவர்களுக்கு, இலவச சேனல்களுக்கான பெட்டிகளில் யூஎஸ்பி பதிவு வசதி உள்ளவை இருக்கின்றன. டிடி ஃப்ரீ டிஷில் வருகிற டிடி தமிழ் (2024 ஜனவரி வரை பொதிகை) மாதிரி சேனலை அதில் பிடிக்கலாம். காசு கொடுக்கும் முன் கடையிலேயே ரெண்டு நிமிஷம் பதிவு செய்து, பென் டிரைவைக் கழற்றி லேப்டாப்பில் செருகிப் பாருங்கள். ஓடினால் வாங்குங்கள். ஓடாவிட்டால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

கனடா, அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் பதிவானது பால் முறை, உங்கள் ஊர் என்டிஎஸ்சி. வீட்டில் பதிவு செய்த டிஸ்குக்கு ரீஜன் பூட்டு கிடையாது, ஆனாலும் உங்கள் பிளேயர் முரண்டு பிடிக்கலாம். கம்ப்யூட்டரில் போட்டால் ஓடும்.

கடைசியாக, டிஸ்கும் சாசுவதம் இல்லை. வெயிலும் ஈரமும் பட்டால் அதன் பூச்சு கெடும். ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையோடு விசிஆர் தயாரிப்பை நிறுத்தியது. சோனி 2025 பிப்ரவரியில் பதிவு செய்யும் ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை நிறுத்தியது. கடை ஒவ்வொன்றாகச் சாத்துகிறார்கள். கணக்குப் போட்டால் ஒரு டிபி ஹார்ட் டிரைவில் இருநூறு டிவிடிக்கு மேல் அப்படியே அடங்கும். ரெண்டு டிரைவ் வாங்கி, ஒன்று உங்களிடம், ஒன்று ஊரில் தம்பி வீட்டில். வங்கியில் நாங்களும் பேரேட்டின் நகலை அதே கட்டிடத்தில் வைப்பதில்லை.

நம் ஊர்ப் பெட்டிகளிலும் பீரோக்களிலும் கிடக்கிற டேப்புகளிலும் டிஸ்குகளிலும் இருக்கும் சில நிமிஷங்களுக்கு உலகத்தில் வேறு காப்பியே இருக்காது. அதில் பேசுகிறவர், பாடுகிறவர், பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறவர் நம் வீட்டு ஆள். ஜூலை லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பலகாரத்துக்கும் பட்டுப்புடவைக்கும் சூட்கேசில் இடம் விடுவது இருக்கட்டும். காலி ஹார்ட் டிரைவ் ஒன்றும், பழைய டேப்பை லேப்டாப்பில் ஏற்றுகிற கேப்சர் ஸ்டிக் ஒன்றும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.