22 ஆண்டுகள் உறங்கிய அறிக்கை

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில், ஜும்ஆத் தொழுகைக்குக் கூடியிருந்தோர் மீது ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். அல் நூர் பள்ளிவாசலிலும் லின்வுட் இஸ்லாமிய மையத்திலும் பறிக்கப்பட்ட உயிர்கள் 51. இருபத்தாறே நாட்களில், ஏப்ரல் 10 அன்று, அந்நாட்டு நாடாளுமன்றம் 119க்கு 1 என்ற வாக்கில் இராணுவப் பாணி அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடை செய்தது. உலகம் புகழ்ந்தது. புகழட்டும்! ஆனால், இந்தச் சட்டம் ஏன் இரத்தம் சிந்திய பிறகு வந்தது?

அறியாமையால் அன்று. 1990இல் அரமோனா என்னும் சிற்றூரில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1997இல் ஓய்வுபெற்ற நீதிபதி சர் தாமஸ் தார்ப் அரசிடம் தம் அறிக்கையை அளித்தார். இத்தகைய துப்பாக்கிகளைத் தடை செய்க, எல்லாத் துப்பாக்கிகளையும் பதிவு செய்க என்றார் அவர். அறிக்கை 22 ஆண்டுகள் உறங்கியது. அது விழித்தபோது கப்றுகள் தோண்டப்பட்டுக் கொண்டிருந்தன.

“சட்டத்தை மதித்து உரிமம் பெற்ற எங்களை ஏன் தண்டிக்கிறீர்கள்?” என்று துப்பாக்கி வைத்திருப்போர் கேட்டனர். அந்தக் கொலையாளியும் உரிமம் பெற்றவனே! 2017இல் அவனுக்கு உரிமம் கிடைத்தது. அதைக் காட்டியே அவன் துப்பாக்கிகளை வாங்கினான். மிகுதியான தோட்டாக்களை ஏற்றும் கூட்டை வாங்க அன்று உரிமமே வேண்டியதில்லை. உரிமம் வழங்குவதில் காவல்துறை தன் வழிகாட்டு நெறிகளைச் சரிவரப் பின்பற்றவில்லை என்பதையும் 2020இல் அரச விசாரணைக் குழு எடுத்துரைத்தது. நல்லவர் கையில் இருக்கிறது என்னும் நம்பிக்கை ஒன்றே காவலாகுமா?

உழவருக்கும் வேட்டையாடுவோருக்கும் துப்பாக்கி தேவையெனில், அதனைச் சட்டம் மறுக்கவில்லை. தடை செய்யப்பட்டவற்றுக்கு அரசு விலை கொடுத்தது. 2019 டிசம்பருக்குள் 56 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை திரும்பின. மீதம் எத்தனை? அறுதியிட்டுச் சொல்ல அரசிடம் கணக்கில்லை. 1983இலேயே பெரும்பாலான துப்பாக்கிகளின் பதிவு கைவிடப்பட்டிருந்தது. வண்டிக்குப் பதிவெண் உண்டு; உயிர் கொல்லும் கருவிக்கு இல்லை!

அந்தப் பதிவேடு 2023 ஜூனில்தான் மீண்டும் தொடங்கியது. அதே ஆண்டுத் தேர்தலுக்குப் பின் அமைந்த கூட்டணி அரசு ஆயுதச் சட்டத்தைத் திருத்தி எழுத முற்பட்டது. அப்பொறுப்பை ஏற்ற இணை அமைச்சரோ, முன்பு துப்பாக்கி உரிமையாளர் அமைப்பின் பேச்சாளராக இருந்தவர். இதனை வெறும் நிர்வாகச் சீர்திருத்தம் என நாம் நம்புவதா?

வாசகர்களே, சிந்தியுங்கள். கண்ணீர் ஈரமாக இருக்கும்போது சட்டம் இயற்றுவது எளிது. அது காய்ந்த பிறகு காப்பதே அரிது. அந்தக் காவலைத் தளர்த்தினால், அடுத்த அறிக்கையும் உறங்கும். அதை எழுப்பப் போவது எவர் வீட்டு அழுகுரலோ?