தலைமை ஆசிரியருக்கு வகுப்பறையைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆந்திராவின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளில் தலைமை ஆசிரியர்கள் படும் பாட்டைக் கண்டு மனம் பொறுக்காமல் எழுதுகிறேன். வருகைப் பதிவு, மதிய உணவுக் கணக்கு, முட்டை இருப்பு என எல்லாவற்றையும் செயலியில் ஏற்றியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் கழிவறையைக்கூடப் படமெடுத்து அனுப்பினார்கள். இதற்கு நடுவே, புதிதாகச் சேர்ந்த ஆசிரியை பின்னக் கணக்கை எப்படி நடத்துகிறார் என்று பார்க்க அவர்களுக்கு நேரம் ஏது?

நகரி அருகே தமிழ்வழிப் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் தலைமை ஆசிரியர் வாரம் ஒரு பாடவேளை என் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்காருவார். பிள்ளைகள் முன்னால் ஒன்றும் சொல்லமாட்டார். ஒருநாள் மாலை, "கேள்வியும் நீயே கேக்கற, பதிலும் நீயே சொல்லிடற. பத்து எண்ணுற வரைக்கும் பொறுத்துப் பாருப்பா" என்றார். ஓய்வுபெறும் நாள்வரை பத்து எண்ணினேன். வாய் திறக்காத பிள்ளைகளும் பதில் சொன்னார்கள்.

ஆசிரியர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. காணொளியை ஓடவிட்டுச் சான்றிதழ் வாங்கினால் அது பயிற்சி ஆகுமா? அக்கம்பக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் காம்ப்ளெக்ஸ் கூட்டங்களுக்கு நான் போனபோதெல்லாம் சுற்றறிக்கை வாசிப்பதிலேயே பொழுது போகும்; அதுவும் தெலுங்கில். தமிழ்ப் பாடத்தை எப்படி நடத்துவது என்று பேச ஆளிருக்காது.

ஒன்றுபட்ட சித்தூர் மாவட்டத்தின் ரிஷிவேலி பள்ளியில் உருவான கற்றல் அட்டை முறையைப் பார்த்துத்தான் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அண்டை மாநிலத்துக்கே வழிகாட்டிய மண் இது. இங்கே தலைமை ஆசிரியர்கள் பதிவு வேலையிலேயே முடங்கலாமா? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தச் சட்டத்தின் நோக்கத்தையாவது அரசு மதிக்க வேண்டாமா?

பதிவு வேலைக்குத் தனி ஆள் நியமியுங்கள். வாரம் இரண்டு பாடவேளையாவது தலைமை ஆசிரியர் சக ஆசிரியரின் வகுப்பில் அமர்வதைக் கால அட்டவணையிலேயே சேருங்கள். தமிழ்வழி ஆசிரியர்களுக்குத் தமிழிலேயே கூட்டம் நடத்துங்கள். இரு மாவட்டக் கல்வி அதிகாரிகளும் வரும் கல்வியாண்டுக்குள் இதைச் செய்து தரவேண்டும் என்று தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்வழி ஆசிரியர்,
நகரி, சித்தூர் மாவட்டம்.