அந்த மூன்று எழுத்துகளைக் கொடுத்தது யார்?

பழச்சுவைப் பானங்களின் உறையிலிருந்து, பேதிக்குக் கொடுக்கும் உப்பு, சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். என்பதன் பெயரை எடுக்கச் சொல்லி ஒருவழியாக 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. பாராட்டுகளும் குவிந்தன. நமக்குப் பாராட்ட மனம் வரவில்லை.

2022 ஏப்ரலில் இந்தப் பெயர் கூடாது என்றவர்கள் அந்த ஆணையத்தினர்தான். அதே ஆண்டு ஜூலையில் ஓ.ஆர்.எஸ். என்பதை வணிகப் பெயரின் முன்னோ பின்னோ ஒட்டாகச் சேர்த்துக்கொண்டால் பரவாயில்லை என்றவர்களும் அவர்கள்தான். 2024 பிப்ரவரியிலும் அந்தச் சலுகை பிழைத்திருந்தது. சலுகை தந்து மூன்றேகால் ஆண்டு கழித்து மறுபடியும் கூடாதாம். நடுவில் மனம் மாறியது ஏன் என்று நாட்டுக்கு யாரும் சொல்லவில்லை.

சலுகைக்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள்: ‘இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். கலவை அல்ல’ என்று உறையில் அச்சிட வேண்டும். பெயரில் ஓ.ஆர்.எஸ்., பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் ‘ஓ.ஆர்.எஸ். அல்ல’. இதை யார் படித்திருப்பார்கள்? இரவு பத்து மணிக்கு இடுப்பில் துவண்ட பிள்ளையோடு மெடிக்கல் வாசலில் நின்று, “அண்ணே, பாப்பாவுக்கு நிக்காம போகுது, ஓ.ஆர்.எஸ். குடுங்க” என்று கேட்கும் பெண்ணா? கடைக்காரர் ஃபிரிட்ஜைத் திறந்து ஸ்ட்ரா ஒட்டிய பாக்கெட்டை நீட்டினார். ஆப்பிள் சுவை, பிள்ளை துப்பாமல் குடிக்கும். ஆறவைத்த தண்ணீரில் கலக்க வேண்டிய பொடி, பின் அலமாரியில் கிடந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதை இலவசமாகவே தருகிறார்கள்.

இது வெறும் பெயர்ச் சண்டையல்ல. அசல் கலவையில் லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம். குடலில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து உள்ளே போகும்போது தண்ணீரையும் இழுத்துச் செல்கின்றன. அளவுதான் அதன் உயிர். விற்ற பானங்கள் சிலவற்றில் சர்க்கரை லிட்டருக்கு 100 கிராமைத் தாண்டியது. அவ்வளவு சர்க்கரை உடம்பிலிருக்கும் நீரையும் குடலுக்குள் இழுத்து, பேதியை முற்ற வைக்கும். 1971இல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இந்த உப்பு, சர்க்கரைக் கரைசலைக் கொண்டு காலரா சாவை ஏறத்தாழ 30 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே இறக்கினார். அவருக்கு இறந்த பிறகு பத்ம விபூஷண் கொடுத்த அதே நாடுதான், அந்தக் கரைசலின் பெயரைக் குளிர்பானக்காரர்களுக்கும் கொடுத்தது.

இதைத் தட்டிக் கேட்க ஹைதராபாத்தில் ஒரு குழந்தை மருத்துவர், சிவரஞ்சனி சந்தோஷ், எட்டு ஆண்டுகள் கத்த வேண்டியிருந்தது. அவர் கத்தியிராவிட்டால்? சம்பளம் வாங்கிக்கொண்டு கண்காணிக்க வேண்டியவர்கள் அந்த எட்டு ஆண்டும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

சொல்வதும் பின்வாங்குவதும் ஆணையத்தின் பழக்கமே. 2024 ஆகஸ்டில் பாலின் புரத வகையைக் காட்டி ஏ1, ஏ2 பால் என்று எழுதி ஏமாற்றக்கூடாது என்று உத்தரவிட்டார்கள். ஒரே வாரத்துக்குள் அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்த நான்கைந்து நாளில் பசுவா மாறிவிட்டது? சர்க்கரை, உப்பு, கொழுப்பின் அளவை உறையின் முன்பக்கத்திலேயே காட்டும் திட்டத்துக்கு 2018இல் ஒரு வரைவு, 2022இல் இன்னொரு வரைவு. நட்சத்திரம் போடலாமா, எச்சரிக்கை போடலாமா என்று பட்டிமன்றம் நடத்தியே ஆண்டுகளை ஓட்டினார்கள். கம்பெனிகளுக்குச் சலுகை தர மட்டும் மூன்றே மாதம் போதும்.

இந்தத் தடையாவது உருப்படியாக நடந்ததா? அக்டோபரில் போட்ட உத்தரவுக்குப் பிறகும், கடைகளிலிருந்து சரக்கை உடனே எடுக்கச் சொல்லி நவம்பரில் மாநிலங்களுக்கு மறுபடியும் எழுத வேண்டியிருந்தது. தாங்கள் போட்ட உத்தரவின் மீது தங்களுக்கே நம்பிக்கை இல்லை போலும்.

பிள்ளைகளின் உயிரோடு விளையாடும் இந்தப் போக்குக்கு ஒரு கடிவாளம் வேண்டும், பொறுப்பு என்று ஒன்று இருக்க வேண்டும். 2022 ஜூலையில் அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டது யார், யார் கேட்டுப் போட்டார்கள் என்பதை முதலில் சொல்லட்டும்.