கோயில் மதிலுக்கு வெளியேயும் திருவொற்றியூர்தான்

கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்றே நாள். ஆண்டு முழுதும் கவசத்துக்குள் இருக்கும் ஆதிபுரீஸ்வரரின் புற்றுத் திருமேனியை அப்போதுதான் காண முடியும். புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்திய அந்தத் தரிசனத்துக்காகக் கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் ஊர் ஊராக வந்து வரிசையில் நிற்கிறார்கள். சற்றுத் தள்ளி, எண்ணூர் விரைவுச்சாலையில் இன்னொரு வரிசை: துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள்.

இந்த இரண்டு வரிசைகளையும் சேர்த்துப் பார்க்காத எந்தத் தல மேம்பாட்டுத் திட்டத்தையும் ஏற்பதற்கில்லை என்பதே ஊர்வாசிகளும் அடியார்களும் மீனவர்களும் கூடிய இந்த அமைப்பின் நிலைப்பாடு. கோபுரத்துக்கு வர்ணமும் மாடவீதிக்கு விளக்கும் வரட்டும். அதோடு வேலை முடிந்ததாகக் கணக்கெழுதக் கூடாது.

ஒற்றியூர் என்றுமே மதிலுக்குள் அடங்கிய ஊராக இருந்ததில்லை. தேவார மூவரும் பாடிய தலம் இது. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் யானையின் முதுகு போல வளைந்த கருங்கல் விமானம் எழுந்தது. பாணினியின் இலக்கணம் கற்பிக்கத் தனி மண்டபமே இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. சுந்தரர் சங்கிலியாருக்கு மகிழ மரத்தடியில் வாக்குக் கொடுத்ததும், அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண்ணொளி இழந்ததும் இங்கே பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. பட்டினத்தார் அடங்கியது கடலோர மணலில். சென்னையிலிருந்து வள்ளலார் வடிவுடையம்மனைத் தேடி வந்தார். தியாகராஜ சுவாமிகள் வந்து அதே அம்மனைத் திரிபுரசுந்தரியாகப் பாடினார்.

அந்தக் கடலோரம்தான் இன்று கரைகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தன. மெரினா அகன்றது, ராயபுரத்துக்கு வடக்கே கரை தேய்ந்தது. கருங்கல் கொட்டியும் தூண்டில் வளைவு கட்டியும் இருப்பதைக் காத்துவருகிறோம். நகரத்துக்கு அழகான கடற்கரை கிடைத்ததற்கு விலை கொடுத்தது வடசென்னைக் குப்பங்கள். இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

காற்றும் நீரும் அப்படியே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி வலைகளையும் படகுகளையும் பாழாக்கியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். விழாக் கூட்டம் தெருவை நிறைத்திருக்கும் இரவில் அப்படி ஒரு கசிவு நேர்ந்தால் எந்தத் திசையில் ஓடுவது என்று வெளியூர்க்காரருக்கு யார் சொல்வார்கள்?

2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபின் வெளியூரார் வருவது எளிதாகியிருக்கிறது. ஆகவே கேட்பதைத் தள்ளிப்போட முடியாது. கவசம் திறக்கும் மூன்று நாளும் மாசித் திருவிழா நாட்களும் பகலில் லாரிகளை நிறுத்திவைக்க வேண்டும். காற்றின் நிலையைத் தேரடியில் எல்லோரும் படிக்கும்படி தமிழில் காட்ட வேண்டும். கசிவு எச்சரிக்கைக்குத் தெருத்தோறும் சங்கு வேண்டும். கரைக் காப்புப் பணியை மீனவர்களிடம் கேட்டே வடிவமைக்க வேண்டும். அழகுபடுத்துவதன் பேரில் பூக்கடை, தேங்காய்க்கடைக்காரர்களை அகற்றுவதை அமைப்பு எதிர்க்கும்.

அறநிலையத் துறை, மாநகராட்சி, துறைமுகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நான்கும் அடுத்த கார்த்திகைக்கு முன் ஊர்மக்களோடு ஒரே மேசையில் உட்கார வேண்டும். அந்தக் கூட்டத்தைத் தேரடியிலேயே கூட்டுங்கள்.